சர்க்கரைக்கொல்லியும் ஒரு பொய் நாக்கும்

ஜூலை மாதம் ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை. காலையில் வானம் தெளிந்திருந்தது. நண்பகலுக்குப் பின் மேற்குத் திசையில் மேகங்கள் திரண்டன. பிற்பகலில் இடியுடன் கூடிய கனமழை பெய்தது.

அம்மழைக்கு ஆயத்தமாக வந்தவர் எவருமிலர். மருந்தியல் கல்லூரியின் பின்வாசல் வழியாகக் கேக் பெட்டி ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி ஓடி வந்த இளைஞனிடமும் குடை இல்லை. தான் நனைவதைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை. கேக் நனைந்தால் அம்மா உயிரை எடுத்துவிடுவார். ஆகவே கண்ணில் பட்ட முதல் நிழலில் ஒதுங்கினான். அது மூலிகைத் தோட்டத்தின் நடுவே நின்ற ஒரு கம்பிப் பந்தல். அதன் மேல் ஒரு கொடி இடைவெளியின்றிப் படர்ந்திருந்தது.

கடைத்தெரு முழுவதும் ‘மாஸ்டர்’ என்று அழைக்கும் இவ்விளைஞனைப் பற்றி ஒரு செய்தியை இங்கேயே கூறிவிடுதல் நலம். அவன் அடுமனையில் கேக் செய்பவன். அவனுக்குச் சோறு போடுவது கை அன்று, நாக்கு. நூறு முட்டை அடித்த மாவில் ஒரு சிட்டிகை உப்புக் குறைந்தாலும் அந்நாக்கு கண்டுபிடித்துவிடும். அதன் பயனாக ஒரு கெட்ட பழக்கமும் உடன் வளர்ந்திருந்தது. கைக்கு எட்டியது எதுவாயினும் அவனுக்கு அது வாய்க்கும் எட்டிவிடும். பேனா மூடி, தீக்குச்சி, பெட்டி கட்டும் நூல்... எதையும் அவன் விட்டுவைத்ததில்லை.

மழை வலுத்தது. மாஸ்டரின் கை தானாக மேலே எழுந்தது. ஓர் இலை கிள்ளப்பட்டது. மெல்லப்பட்டது...

“துப்புங்க!”

மாஸ்டர் திரும்பினான். வெள்ளை அங்கி அணிந்த ஒருத்தி மழையில் ஓடி வந்துகொண்டிருந்தாள்.

“ஏங்க, காது கேக்கலையா? அதைத் துப்புங்க முதல்ல!”

“எதைங்க?”

“வாயில இருக்கிற இலையை!”

பதற்றத்தில் மாஸ்டர் விழுங்கிவிட்டான். “இலையா? வாயில ஒண்ணும் இல்லீங்களே...” என்று நாக்கை நீட்டிக் காட்டினான். நாக்கு பச்சைப் பசேலென்று இருந்தது. முழுப் பூசணிக்காயைக்கூடச் சோற்றில் மறைத்துவிடலாம். பச்சை நாக்கை எதில் மறைப்பது?

“முழுங்கிட்டீங்களா!”

“ஏங்க... விஷமா?”

“விஷம் இல்ல. என் ஆராய்ச்சி!”

அவள் பந்தலுக்குள் வந்து நின்றாள். அவளுடைய இமை நுனியில் ஒரு மழைத்துளி தங்கி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அத்துளிக்குக் கீழே இரு கண்கள்... கரிய, பெரிய, கோபத்தால் மேலும் பெரிதான கண்கள். அவள் எதற்காகக் கோபப்படுகிறாள் என்பது மாஸ்டருக்கு விளங்கவில்லை. அக்கோபம் எவ்வளவு அழகாக இருக்கிறது என்பது மட்டும் ஐயமின்றி விளங்கியது.

“ஒவ்வொரு கிளையிலயும் சீட்டு கட்டியிருக்கேனே, கண்ணுல படலையா?”

“பட்டுதுங்க. விலைச் சீட்டுன்னு நெனச்சேன்.”

“இது என்ன கடையா?”

“கடையா இருந்தா கேட்டுட்டுத்தாங்க எடுத்திருப்பேன்.”

அவளுடைய உதடு சிரிப்பின் ஓரம் வரை சென்று திரும்பி வந்தது. இதைக் கண்டுகொண்ட மாஸ்டர், சமாதானத்தின் பொருட்டுப் பெட்டியைத் திறந்து ஒரு துண்டுக் கேக்கை அவளிடம் நீட்டினான். தானும் ஒரு துண்டை வாயில் இட்டான். மறுகணமே அவன் முகம் வெளிறியது.

முட்டை தெரிந்தது. வெண்ணெய் தெரிந்தது. உப்பின் சாயல்கூடத் தெரிந்தது. இனிப்பு மட்டும், வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போனதுபோல், இருந்த இடம் தெரியாமல் மறைந்திருந்தது. வாயில் இருப்பது கேக்கா, நனைந்த பஞ்சா?

“சாப்பிடாதீங்க! ஐயோ, சாப்பிடாதீங்க! சர்க்கரை போட மறந்துட்டேன்!”

அவள் அதற்குள் பாதித் துண்டை முடித்திருந்தாள். “நல்லா இருக்கே! இனிப்பு கொஞ்சம் தூக்கல்தான்.”

“பரவால்லீங்க. என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றீங்க...”

“இல்லீங்க, நிஜமாவே...”

“நாப்பது துண்டு! அத்தனையும் தண்டம்! எங்கம்மா என்னைக் கொன்னே போட்டுருவாங்க!”

அப்போதுதான் அவள் சிரித்தாள். பந்தலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். இமை நுனித் துளியும் ஒருவழியாக முடிவெடுத்து விழுந்தது.

“கேக்குக்கு ஒண்ணும் ஆகல. உங்க நாக்குக்குத்தான் ஆச்சு. அரை மணி, முக்கால் மணி நேரம் பொறுங்க, சரியாயிடும்.”

சிறுகுறிஞ்சான் என்பது மரங்களையும் வேலிகளையும் பற்றிப் படரும் கொடியினம். இலைகள் எதிரெதிராக அமைந்தவை, சுவையில் கசப்பானவை. சர்க்கரைக்கொல்லி என்ற மற்றொரு பெயரும் அதற்கு உண்டு. இவை பாடநூலில் உள்ளவை. அக்கொடியைப் பற்றிப் பேசும்போது அவள் கண்கள் எவ்வாறு ஒளிர்ந்தன என்பது எந்தப் பாடநூலிலும் இல்லாதது.

“நாக்குல இனிப்பை வாங்கிக்கிறதுக்குன்னு சின்னச் சின்ன இடம் இருக்கு. இந்த இலையில இருக்கிற ஜிம்னெமிக் அமிலம் முன்னாடியே போய் அங்க உக்காந்துக்கும். பஸ்ல கைக்குட்டை போட்டு சீட் பிடிக்கிற மாதிரி. அப்புறம் சர்க்கரை வந்தா உக்கார இடம் ஏது? அப்படியே இறங்கிப் போயிடும்.”

“அப்ப உப்பு, புளிப்பு எல்லாம்?”

“அதுக்கெல்லாம் வேற பஸ்.”

இவ்வளவு கடினமான விஷயத்தை இவ்வளவு எளிதாகச் சொல்லும் ஒருத்தியை மாஸ்டர் இதுவரை கண்டதில்லை.

“நீங்க பெரிய டாக்டருங்களா?”

“இன்னும் ஆகல. இந்த ஆராய்ச்சி முடிஞ்சாத்தான் டாக்டர் பட்டம். அதுக்கு இருபத்து நாலு பேர் வேணும். இருபத்து மூணு பேர்தான் கிடைச்சாங்க.” அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “உங்களுக்கு நல்ல நாக்கு.”

ஒரு பெண்ணிடமிருந்து அவன் பெற்ற முதல் பாராட்டு இதுவே. “என் நாக்கு விலைக்குக் கிடைக்காதுங்க” என்றான் மிடுக்காக.

“விலைக்கு வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு இரவல் போதும்.”

“வர்றேன், டாக்டரம்மா” என்றான். மிடுக்கு போன இடம் தெரியவில்லை.

* * *

அடுமனையின் கல்லாவில் அமர்ந்திருந்தவர் மாஸ்டரின் தாய். கடைத்தெருவுக்கு அவர் முதலாளியம்மா. மாஸ்டருக்கோ சில நேரம் முதலாளி, சில நேரம் அம்மா. எந்த நேரம் எது என்பதை அவர் புருவத்தைப் பார்த்தே அறிய வேண்டும்.

“என்னடா, நாக்கு பச்சையா இருக்கு?”

மாஸ்டர் நடந்ததைக் கூறினான். கூறக் கூறப் புருவம் உயர்ந்தது.

“நல்லா இருக்குடா கதை! நாம சர்க்கரையை நம்பிப் பொழைக்கிறோம். அவ சர்க்கரையைக் கொல்றதுக்கு ஆள் சேர்க்கிறா. நீ முதல் ஆளாப் போய் நாக்கை நீட்டிட்டு வந்திருக்க.”

“முதல் ஆள் இல்லம்மா, இருபத்து நாலாவது ஆள்.”

“ரொம்ப முக்கியம்! ஊர்ல எல்லாரும் அந்த இலையைத் தின்னா நம்ம கேக்கை யாருடா தின்பா?”

“அம்மா, அது சர்க்கரை வியாதிக்காரங்களுக்கு...”

“ஆள் எப்படி?”

“எந்த ஆள்?”

“நான் இலையைக் கேக்கல.”

மாஸ்டர் அடுப்பைத் திறந்து, வேகாத பன்னைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தான்.

“சர்க்கரையைக் கொல்றவ நம்ம வாசப்படி ஏறக் கூடாது. சொல்லிட்டேன்.”

“ஏறட்டுமான்னு யாரும்மா கேட்டா?”

“உன் மூஞ்சி கேக்குதுடா.”

* * *

ஒரு வாரம் கழித்து, குறித்த நாளில், மாஸ்டர் ஆய்வறைக்குச் சென்றான். அதற்கு முன் மூன்று முறை பல் துலக்கியிருந்தான்.

அறை சிறியது. மேசை மேல் காகிதக் கோப்பைகளும் பழுப்புக் குப்பிகளும் வரிசையாக இருந்தன. குப்பிகளின் மேல் எண் மட்டுமே ஒட்டப்பட்டிருந்தது. பாதிக் குப்பிகளில் சிறுகுறிஞ்சான் இலைக் கஷாயம். மீதிப் பாதியில், நிறத்திலும் கசப்பிலும் அதைப் போலவே தயாரித்த, இனிப்பைத் தொடாத வெறும் கஷாயம். எது எந்தக் குப்பி என்பதைப் பேராசிரியை ஒருவரே அறிவார். சோதிப்பவளுக்கும் தெரியாது, சோதிக்கப்படுபவனுக்கும் தெரியாது. ஆசை கலந்தால் அளவு கெடும் என்பதால் அறிவியலார் கண்ட ஏற்பாடு இது.

“ஆராய்ச்சி முடியற வரைக்கும் நாம சொந்த விஷயம் எதுவும் பேசக் கூடாது. நான் ஆய்வாளர், நீங்க தன்னார்வலர்” என்றாள் டாக்டரம்மா.

“முடிஞ்சதுக்கு அப்புறம்?”

“இதுவே சொந்த விஷயம்தான்.”

அவள் குரலில் அன்று உற்சாகம் இல்லை. கண்களின் கீழே சோர்வு படிந்திருந்தது. கோப்பையில் கஷாயத்தை ஊற்றியபோது, தன்னையறியாமல் ஒரு பெருமூச்சு விட்டாள்.

“என்னங்க ஆச்சு?”

“ஒண்ணுமில்ல... காலையில இருந்து வந்தவங்க எல்லாருக்கும் இனிப்பு நல்லாவே தெரியுது...” என்றவள் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். “நான் இதைச் சொல்லக் கூடாது. மறந்துடுங்க.”

மாஸ்டரால் அதை மறக்க முடியுமா? கஷாயத்தை வாயில் ஊற்றிக் கொப்பளித்தான். கசந்தது. பிறகு அவள் தந்த சர்க்கரைக் கரைசலை நாவில் ஏந்தினான்.

இனித்தது. ஐயத்துக்கு இடமின்றி, அப்பட்டமாக இனித்தது.

“ஒண்ணுமே தெரியலன்னா பூஜ்யம். முழு இனிப்புன்னா பத்து. எத்தனை?”

‘ஒன்பது’ என்ற சொல் அவன் நாவின் நுனியில் வந்து நின்றது. அவன் நிமிர்ந்து பார்த்தான். பேனாவைப் பிடித்தபடி அவள் காத்திருந்தாள். அக்கண்கள்... மழை வருமுன் வானம் இருக்குமே, அப்படி இருந்தன. ஒரு சொல் கூடினாலும் பெய்துவிடும்.

“பூஜ்யம்” என்றான் மாஸ்டர். அடுத்த இரு கோப்பைகளுக்கும் அதே பூஜ்யம்.

வானம் வெளுத்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை; சொல்லக் கூடாது. ஆனால் உதட்டை எவ்வளவு இறுக்கினாலும் கண் சிரிப்பதை யாரால் தடுக்க இயலும்? மாஸ்டர் அன்று நடந்து வீடு சேர்ந்ததாகக் கூறுவது தவறு, மிதந்து சேர்ந்தான்.

* * *

அடுத்த வியாழக்கிழமை மாலையிலும் மழை பெய்தது. கல்லூரி எதிரே இருந்த தேநீர்க் கடையின் தகரக் கூரையின் கீழ், எதிர்பாராத வகையில், இருவரும் அருகருகே ஒதுங்க நேர்ந்தது. எதிர்பாராதது அவளுக்கு மட்டுமே. மாஸ்டர் அங்கே மூன்றாவது தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

“சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணியோட முடியுது” என்றாள் அவள், கோப்பையில் கை சூடேற்றியபடி. “இருபத்து நாலு பேரோட மதிப்பெண்ணும் இருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் ஆய்வறையை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. அப்புறம் அடுத்த வருஷம்தான். நல்லவேளை, சரியா இருபத்து நாலு.”

“அந்த இலை மேல உங்களுக்கு ஏங்க இவ்வளவு பிரியம்?”

“எங்கப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரை ஒழுங்காப் போட்டுக்குவார். ஆனா செருப்புக்குள்ள மிட்டாய் ஒளிச்சு வைப்பார். மாத்திரைக்குப் பதிலா இந்த இலைன்னு நான் சொல்ல மாட்டேன். மாத்திரையோட, நாக்குக்கும் ஒரு கடிவாளம். இனிப்பே தெரியலன்னா எதுக்கு ஒளிச்சு வைக்கப் போறார்?”

“அப்ப... எல்லாரும் பூஜ்யம்னு சொன்னா உங்களுக்கு நல்லதுதானே?”

“ஐயோ, அதான் ஆபத்து! வெறும் கஷாயம் குடிச்சவங்க இனிப்பு தெரியுதுன்னு சொல்லணும். இலைக் கஷாயம் குடிச்சவங்க தெரியலன்னு சொல்லணும். அந்த வித்தியாசம்தான் என் இலையோட மதிப்பு. வெறும் கஷாயத்துக்கே யாராவது பூஜ்யம்னு சொல்லிட்டா, அப்புறம் என் இலை எதுக்கு?”

மாஸ்டருக்குத் திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் ஆயிற்று. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அது இதுதான். அவளை மகிழ்விக்கச் சொன்ன பொய், அவளுடைய கொடியின் வேரையே அறுத்திருக்கிறது! சும்மா இருந்துவிட்டால் எவருக்கும் தெரியாது. சொல்லிவிட்டால் இந்தக் கண்கள் இனி ஒருநாளும் தன்னைப் பார்க்கமாட்டா...

தேநீர் ஆறியது. மாஸ்டர் சொல்லிவிட்டான்.

“எனக்கு இனிச்சுதுங்க.”

“தேநீரா?”

“போன வாரம். அந்தச் சர்க்கரைத் தண்ணி. நல்லா இனிச்சுது. ஒன்பதுன்னு சொல்ல வந்தேன்...”

அவள் முகம் அவன் பக்கம் திரும்பியது.

“ஏன்?” என்றாள் அவள்.

“நீங்க பெருமூச்சு விட்டீங்க.”

“அதுக்கு?”

“அதுக்குத்தாங்க.”

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். “மாஸ்டர், உங்க கேக்குல நிஜமாவே சர்க்கரை இல்லன்னு வைங்க. மனசு நோகக் கூடாதுன்னு நல்லா இருக்குன்னு நான் சொல்லிட்டா என்ன ஆகும்?”

“அடுத்த கேக்கும் கெட்டுப்போகும்.”

“அதேதான்.”

“இன்னொரு தடவை கொப்பளிச்சு நிஜத்தைச் சொல்லட்டுமா?”

“ஒரு தடவை பொய் சொன்ன நாக்கு சாட்சிக்கு ஆகாது. உங்களை நீக்கித்தான் ஆகணும்.” அவள் குரல் கோபத்தில் உயரவில்லை, அதுதான் அவனுக்கு அதிகம் வலித்தது. “சனிக்கிழமைக்கு நடுவுல நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு. வர்றேன்.”

கொட்டும் மழையில் அவள் இறங்கிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

* * *

வெள்ளிக்கிழமை அடுமனையில் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. மாஸ்டர் செய்த பன் உப்புக் கரித்தது.

முதலாளியம்மா ஒரு கடி கடித்தார். பன்னைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். கல்லாவைப் பூட்டிவிட்டு எழுந்து வந்தார். அவர் கல்லாவைப் பூட்டினால் விஷயம் பெரிது என்று பொருள்.

“என்னடா நடந்துச்சு? ஒண்ணு விடாமச் சொல்லு.”

சொன்னான். காதலைக் கேட்டு அவர் அசையவில்லை. பெருமூச்சைக் கேட்டும் அசையவில்லை. பூஜ்யம் என்ற இடத்தில்தான் சீறினார்.

“அளவுல பொய் சொன்னியா?”

“அவங்க முகத்தைப் பார்த்தப்ப...”

“மூஞ்சியைப் பார்த்து அளக்கிறவன் கடை வைக்கலாமாடா? தராசு முள்ளு அழகான பொண்ணைப் பார்த்தா சாயுமா?” அவர் தலையில் அடித்துக்கொண்டார். “சரி, இப்ப அவளுக்கு ஒண்ணு குறையுது. வேற ஆள் கிடைச்சாச்சா?”

“இல்ல. பத்து பேரைக் கேட்டாங்களாம். கசப்புன்னதும் ஓடிட்டாங்களாம். இங்க சாமான் வாங்க வந்த காலேஜ் அலுவலக ஆளு சொன்னாரு.”

முதலாளியம்மா கையிலிருந்த பன்னைக் கீழே வைத்தார். அவ்வடுமனையில் ஒரு வழக்கம் இருந்தது. டஜன் என்று அனுப்பியதில் ஒன்று குறைந்துவிட்டால், யார் எண்ணினார்கள் என்று வாதாடுவதில்லை; முதலாளியே நேரில் சென்று குறையைத் தீர்த்துவிட்டு வருவார்.

“எத்தனை மணிக்குள்ள?”

“எதும்மா?”

“நம்ம கடை ஆள் போய் அங்க ஒண்ணு குறைச்சுட்டு வந்திருக்கான். குறைஞ்சதை யாரு ஈடு கட்டுறது? என் நாக்கு என்ன உன் நாக்குக்கு இளைச்சதா?”

* * *

சனிக்கிழமை மாலை ஐந்து மணி. மழை. ஆய்வறை வாசலில் பெரிய கறுப்புக் குடையை மடக்கிய முதலாளியம்மா, மகனைத் திரும்பிப் பார்த்தார்.

“நீ உள்ள வராதே. உன்னைப் பார்த்தா அவ மூஞ்சி மாறும். அவளைப் பார்த்தா உன் மூஞ்சி மாறும். நடுவுல என் நாக்கு குழம்பிடும்.”

கதவு மூடப்பட்டது. மாஸ்டர் நடைக்கூடத்துச் சன்னலின் கீழ் நின்றான். சன்னல் அரைகுறையாகத் திறந்திருந்தது; அவன் அதை மேலும் திறக்கவில்லை. காதை மட்டும் சற்று உயர்த்தினான்.

அம்மா தன்னை மாஸ்டரின் தாய் என்று அறிமுகம் செய்துகொண்டது முதலில் கேட்டது; அடுத்துப் பேராசிரியையின் குரல். உதிரிக் குப்பிகளிலிருந்து ஒன்றை அவரே எடுத்துத் தந்ததாகத் தெரிந்தது.

“சர்க்கரை வியாதி உண்டாம்மா?”

“உடம்புல சர்க்கரையே கிடையாது.”

‘பேச்சுலயும் கிடையாது’ என்று நினைத்துக்கொண்டான் மகன்.

“இந்தப் பொண்ணுக்கும் உங்களுக்கும் ஏதாவது உறவு இருக்கா?”

டாக்டரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் முதலாளியம்மா குறுக்கிட்டார்.

“இன்னைத் தேதிக்கு இல்ல. அப்படியே எழுதிக்குங்க.”

மாஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டான். இன்னைத் தேதிக்கு! அம்மா என்ன சொல்கிறார் என்று அம்மாவுக்குத் தெரியுமா? தெரியாமல் ஒரு சொல்லும் சொல்பவரல்லரே...

கொப்பளிக்கும் ஒலி கேட்டது. கோப்பை வைக்கும் ஒலி கேட்டது.

“எத்தனைம்மா?”

“ஒன்பது.”

மாஸ்டர் சன்னலை நிமிர்ந்து பார்த்தான்.

“பத்து போட்டிருக்கலாம். தண்ணி கொஞ்சம் கூடிப்போச்சு. சர்க்கரை நிறுக்கிறப்போ முள்ளைப் பார்த்தியா, இல்ல வேற எங்கயாவது பார்த்தியா?”

“பார்த்துத்தாம்மா நிறுத்தேன்.”

இரண்டாம் கோப்பை. ஒன்பது. மூன்றாம் கோப்பை. ஒன்பது. மாஸ்டர் தலையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்துவிட்டான். இலை மீதுள்ள பகையில் அம்மா பழிவாங்குகிறாரோ? அல்லது உண்மையிலேயே இனிக்கிறதோ? நேற்று வரை தராசு என்று முழங்கியவர் இன்று...

“ஏம்மா” என்றது முதலாளியம்மாவின் குரல், “நான் வந்ததுல இருந்து பார்க்கிறேன், உன் முகம் செவுரு மாதிரியே இருக்கே?”

“அப்படித்தான் இருக்கணும்மா. போன வாரம் அப்படி இல்லாமப் போயிட்டேன். ஒரு பெருமூச்சு விட்டுட்டேன். அதனாலதான் உங்க பையன்... தப்புல பாதி என்னோடது.”

சன்னலுக்கு வெளியே ஒருவன் மூச்சு விட மறந்தான்.

“பாதிக்கு மேல ஒத்துக்காத” என்றார் முதலாளியம்மா. அவர் குரலில் இதுவரை இல்லாத ஏதோ ஒன்று கலந்திருந்தது. “மீதிப் பாதி எங்க வீட்டுது. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. நீ அழுதாலும் ஒன்பது. சிரிச்சாலும் ஒன்பது.”

“அதுதாம்மா எனக்கு வேணும்” என்றாள் அவள்.

இருபத்து நான்காம் மதிப்பெண் எழுதப்பட்டது. பேராசிரியை அலமாரியைத் திறக்கும் ஓசை கேட்டது. பிறகு நெடுநேரம் தாள் புரளும் ஓசை மட்டுமே. மாஸ்டர் எழுந்து, அனுமதி எதுவும் கேளாமல், கதவைத் திறந்து அதனருகே நின்றுவிட்டான்.

“இலைக் கஷாயம் கொப்பளிச்ச பன்னிரண்டு பேர்...” பேராசிரியை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். “பூஜ்யம், ஒண்ணு, பூஜ்யம், ரெண்டு... இதைத் தாண்டி யாரும் போகல. வெறும் கஷாயம் பன்னிரண்டு பேர்... எட்டு, ஒன்பது, எட்டு... கடைசியா இந்த அம்மா, ஒன்பது.” அவர் நிமிர்ந்தார். “உன் இலை ஜெயிச்சுடுச்சும்மா.”

டாக்டரம்மா நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டாள். கண்கள் நிறைந்தன. ஆனால் அதை எவரும் காண்பதற்கு முன் முதலாளியம்மாவின் குரலில் அறை அதிர்ந்தது.

“என்னது? எனக்கு அந்த இலையே குடுக்கலையா?”

“வெறும் கஷாயம்தாம்மா. அதுவும் தேவைதான்...”

“கடையைப் பூட்டிட்டு வந்தவளுக்கு வெறும் கஷாயமா? சர்க்கரையைக் கொல்லுதாம் கொல்லுது! நான் ஜெயிச்சுட்டேன்னுல்ல நெனச்சேன்! எங்க அந்தக் கொடி? இப்பவே ஒரு இலை தின்னு பார்க்கணும்.”

பேராசிரியை டாக்டரம்மாவைப் பார்த்தார். கதவருகே நனைந்த கோழிபோல் நின்றவனைப் பார்த்தார். அவரும் ஒரு காலத்தில் இளம்பெண்ணாக இருந்தவரே.

“வாங்கம்மா, நான் காட்டுறேன். உங்க குடை ரெண்டு பேருக்குத் தாங்குமா?”

“ரெண்டு பேருக்கு மட்டும்தான் தாங்கும்” என்றார் முதலாளியம்மா, மகனுக்கும் கேட்கும்படி. இருவரும் மழையில் இறங்கித் தோட்டத்தை நோக்கி நடந்தனர்.

நடைக்கூடத்தில் இருவர் எஞ்சினர். ஒருவரை ஒருவர் பார்க்காமல், இருவரும் மழையைப் பார்த்தனர்.

“நான் ஒண்ணு சொல்லணும்” என்றான் மாஸ்டர். “இது பொய் இல்ல.”

“இருங்க. நான் முதல்ல சொல்லிடறேன். இல்லன்னா எனக்குத் தைரியம் வராது.” அவள் அங்கியின் பொத்தானைத் திருகினாள். “வியாழக்கிழமை மழையில நடந்து போனேனே... அழுதுக்கிட்டேதான் போனேன். ஒரு வருஷம் போச்சேன்னு அழுகை. ஆனா பாதி வழியில ஒண்ணு தோணுச்சு. நீங்க இப்ப தன்னார்வலர் இல்ல. இனிமே உங்ககிட்ட நான் சொந்த விஷயம் பேசலாம்...”

அவள் நிறுத்தினாள். பொத்தான் இன்னொரு சுற்றுச் சுற்றியது.

“ஆராய்ச்சியே மூழ்கிட்டு இருக்கு, எனக்கு மட்டும் உள்ளுக்குள்ள அப்படி ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷம் வந்ததுக்காகவே ரெண்டு நாளா என்மேலதான் எனக்குக் கோபம். உங்கமேல இல்ல.”

மாஸ்டர் தன் வாழ்நாளில் சுவைத்துப் பெயரிட்ட சுவைகள் ஏராளம். இப்போது நெஞ்சில் எழுந்த ஒன்றுக்கு அவனிடம் பெயர் இல்லை.

“எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு” என்றான். “பந்தல்ல பார்த்தப்பவே. அதை அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு பொய் மிச்சமாகியிருக்கும்.”

“எனக்கும்” என்றாள் அவள், மிக மெதுவாக.

“எப்ப இருந்து?”

“நாப்பது துண்டுக் கேக்குக்காக நீங்க அழப் போனப்ப.”

தோட்டத்திலிருந்து, மழையையும் மீறி, இலையைத் தின்ற முதலாளியம்மாவின் அலறல் ஒன்று எழுந்தது. இருவரும் ஒருசேரச் சிரித்தனர். சிரித்து முடித்தபோது அவள் கை அவன் கையில் இருந்தது; எப்போது வந்து சேர்ந்தது என்று இருவருமே கவனிக்கவில்லை. அவன் விட்டுவிடப் போகிறானோ என்று அவள் பார்த்தாள். அவன் விடவில்லை. நடைக்கூடத்துக் கடிகாரத்தில் அப்போது மணி மாலை ஆறு பன்னிரண்டு.